முறை மாற ஆள் இல்லாத கடை

மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து ரங்கநாதன் தெரு வழியாக நடந்தால், தெரு முடியும் இடத்தில் உஸ்மான் சாலை வந்து சேரும். 1934ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராகப் பொறுப்பு வகித்த சர் முஹம்மது உஸ்மான் அவர்களின் பெயரை அச்சாலை தாங்கி நிற்கிறது. நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரால் அமைந்த தியாகராய நகர், 1920களில் ஒரு நீண்ட ஏரியின் படுகையில் குடியிருப்புப் பகுதியாகத் திட்டமிடப்பட்டது. இன்று அது தமிழகத்தின் பெரும் கடைவீதி. அங்கும், மயிலாப்பூர், அடையாறு பகுதிகளிலும் நம் சமுதாயத்தைச் சேர்ந்த பலர் சிறு கடைகள் வைத்துப் பிழைக்கின்றனர். காலையில் கதவைத் திறப்பவரும் அவரே. கல்லாவில் அமர்பவரும், சரக்கு வாங்கச் செல்பவரும், இரவில் பூட்டுபவரும் அவரே.

இத்தகையோரின் உழைப்பைப் பாராட்டாதவர் இல்லை. ஆயினும், கடை தன் உரிமையாளரையே விழுங்கிவிடாமல் காப்பது எப்படி என்பதை நாம் அதிகம் சிந்திப்பதில்லை. இதற்கு நம் ஊரின் வரலாற்றிலும் இஸ்லாமிய வரலாற்றிலும் படிப்பினைகள் உண்டு.

1947இல் சென்னை மாகாணக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் இயற்றப்பட்டது. கடை ஊழியரின் வேலை நேரம் நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று அது வரையறுத்தது. ஒவ்வொரு கடையும் வாரத்தில் ஒரு நாள் முழுமையாக மூடப்பட வேண்டும்; அது எந்த நாள் என்பதைக் கடைக்காரரே தேர்ந்து, பலர் காணும் இடத்தில் அறிவிப்பாக வைக்க வேண்டும் என்றும் கூறியது. பழைய கடைகளில் தொங்கிய வார விடுமுறைப் பலகைகளின் பின்னணி இதுவே. சட்டம் ஊழியரின் நலனைக் கருதியே எழுதப்பட்டது. எனினும் கடை அடைக்கும் நாள் உரிமையாளருக்கும் ஓய்வைத் தந்தது.

2019இல் தமிழக அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளரைக் கொண்ட கடைகள் ஆண்டின் எல்லா நாள்களிலும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம். ஆனால் ஊழியருக்குச் சுழற்சி முறையில் வார விடுப்புத் தர வேண்டும் என்பது அதன் சாரம். இதில் ஒரு நுட்பம் உள்ளது. பெரிய கடை ஓய்வதில்லை. அங்குள்ள ஆள்கள் மாறுகிறார்கள். சிறிய கடைக்காரர் பெரிய கடையின் நேரத்தைப் பார்த்துத் தாமும் திறந்து வைக்கிறார். ஆனால் அவருக்கு முறை மாற ஆள் இல்லை. சுமையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

முறை மாற்றிக்கொள்வதை நமக்குக் கற்றுத் தந்தவர்களுள் ஒருவர் உமர் (ரலி) அவர்கள். மதீனாவின் மேற்புறத்தில் வசித்த காலத்தில், அன்சாரியான அண்டை வீட்டாருடன் அவர்கள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒரு நாள் இவர் நபி (ஸல்) அவர்களின் சபைக்குச் செல்வார். மறுநாள் அவர் செல்வார். சென்றவர் அன்றைய செய்தியை மற்றவருக்கு எடுத்துரைப்பார். பிழைப்பையும் கல்வியையும் இருவரும் இழக்காதிருக்க இது வழிசெய்தது என்று புகாரீயில் பதிவாகியுள்ள இச்செய்தியிலிருந்து அறிஞர்கள் விளக்குவர்.

அத்தகைய உமர் (ரலி) அவர்களுக்கே ஒரு செய்தி தெரியாமல் போன நிகழ்வும் உண்டு. மூன்று முறை அனுமதி கேட்டும் பதில் வராவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்ற நபிமொழியை அபூமூஸா (ரலி) எடுத்துரைத்தபோது, அதற்குச் சாட்சி கேட்டார்கள். அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) வந்து சாட்சி கூறியதும், கடைவீதிக் கொடுக்கல் வாங்கலே தம்மை இதை அறியவிடாமல் திருப்பிவிட்டது என உமர் (ரலி) மனம்திறந்து கூறினார்கள். சந்தை ஹலாலானது, ஆனாலும் அது எடுத்துக்கொள்ளும் நேரம் திரும்பி வருவதில்லை. நம் பிள்ளைகள் ஓதக் கற்ற நாளும், முதிய தாய் பேச ஆசைப்பட்ட மாலையும் அவ்வாறே.

அன்னை கதீஜா (ரலி) அவர்கள் மக்காவின் பெரும் வணிகர். ஆனால் அவர்கள் ஒட்டகக் கூட்டத்துடன் பயணம் செய்யவில்லை. நம்பிக்கைக்குரியவரிடம் சரக்கை ஒப்படைத்து, இலாபத்தில் பங்கு கொடுத்தார்கள். நபித்துவத்துக்கு முன் நபி (ஸல்) அவர்கள் ஷாம் நாட்டுக்குச் சென்றது இவ்வாறுதான். கதீஜா (ரலி) அவர்களின் பணியாளர் மைஸராவும் உடன் சென்றார். ஒருவரின் முதல், மற்றவரின் உழைப்பு என அமையும் இவ்வொப்பந்தத்தை ஃபிக்ஹு நூல்கள் முளாரபா என்கின்றன.

ஒப்படைத்தால் பொறுப்பு தீர்ந்துவிடுமா? கூஃபாவில் பட்டுத் துணி வணிகம் செய்த இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் வாழ்க்கை விடை சொல்கிறது. கூட்டாளி ஹஃப்ஸ் விற்பனையைக் கவனித்ததால் இமாமவர்கள் பாடம் நடத்த முடிந்தது. ஒருமுறை, குறையுள்ள துணியை விற்கும்போது அக்குறையைச் சொல்லிவிடுமாறு கூட்டாளிக்கு அறிவித்திருந்தார்கள், அவர் மறந்துவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. எனவே அச்சரக்கின் விலை முழுவதையும் இமாமவர்கள் தருமம் செய்துவிட்டதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. வேலையைப் பகிரலாம், அல்லாஹ்விடம் சொல்ல வேண்டிய கணக்கைப் பகிர முடியாது.

பகிர்வதற்கு எழுத்து வேண்டும். கடனை எழுதிவைக்கப் பணிக்கும் வசனமே திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம். எழுத்து வழக்கைத் தவிர்க்கிறது. அத்துடன், நம் இருக்கையில் இன்னொருவர் அமரவும் வழி திறக்கிறது. எந்தச் சரக்கு யாரிடம் வாங்கப்படுகிறது, என்ன விலை, யாருக்கு எவ்வளவு பாக்கி என்பவை உரிமையாளரின் தலைக்குள் மட்டும் இருந்தால், அவர் காய்ச்சலில் படுத்த அன்றே கடையும் படுத்துவிடும்.

ஆகவே சிறு கடை நடத்தும் சகோதரர்களும் வீட்டிலிருந்து தொழில் செய்யும் சகோதரிகளும் இவ்வாரமே மூன்றைத் தொடங்கலாம். அடைக்கும் நேரத்தையும் விடுமுறை நாளையும் எழுதிக் கடையில் தொங்கவிடுங்கள். கைபேசியில் வரும் ஆர்டருக்கும் அதே நேரம் பொருந்தட்டும். தம்பியோ, மகனோ, பக்கத்துக் கடைக்காரரோ, ஒருவர் வாரத்தில் சில மணி நேரமாவது கடையைப் பார்க்கும் அளவுக்குக் கணக்கை எழுதி வையுங்கள். அந்த நேரத்தைக் குடும்பத்துக்கும் தொழுகைக்கும் கல்விக்கும் என்று முன்பே ஒதுக்கிவிடுங்கள். இல்லையேல் கடையே அதையும் எடுத்துக்கொள்ளும்.

ஜும்ஆ அழைப்பு வந்ததும் வணிகத்தை விட்டு விரையச் சொன்ன இறைவன், தொழுகை முடிந்தபின் பூமியில் பரவி அவனது அருளைத் தேடவும் சொல்கிறான். மூடுவதும் திறப்பதும் இரண்டும் அவன் கட்டளையே. நம் வணிகத்தில் பரக்கத்தையும், அதை அனுபவிக்க நேரத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.