எஞ்சினை இறக்கலாமா, மாத்தலாமா? - லண்டன் சிவப்பு பஸ் கதை

லண்டன்னு சொன்னதும் நம்ம சினிமா டூயட்ல பின்னாடி ஒரு சிவப்பு டபுள் டெக்கர் போகும் பாருங்க, பின்பக்கம் கதவே இல்லாம, கம்பியைப் புடிச்சு தாவி ஏறுற மாதிரி. அதுக்குப் பேரு ரூட்மாஸ்டர். 1956 பிப்ரவரியில முதல் வண்டி பயணிகளை ஏத்துச்சு. 1968 வரைக்கும் மொத்தம் 2,876 வண்டி கட்டினாங்க. வழக்கமான சேவையில கடைசி நாள் 2005 டிசம்பர் 9, ரூட் நம்பர் 159. கடைசியா கட்டின வண்டிக்கே அப்போ 37 வயசு!

அந்த வண்டியோட அழகைப் பத்தி நிறைய பேர் எழுதியாச்சு. எனக்கு ஆர்வம் அதோட எஞ்சின்ல. நின்னு நின்னு போற சிட்டி பஸ்ஸுல எந்த டீசல் எஞ்சினும் 37 வருஷம் சும்மா ஓடாது. அப்போ கழட்டி சரி பண்ணி ஓட்டினாங்களா, இல்ல வேற எஞ்சின் போட்டாங்களா? ரெண்டும் நடந்துச்சு. எப்போ எது, ஏன் அப்படிங்கறதுதான் மேட்டர்.

முதல்ல கொஞ்சம் அடிப்படை. மெக்கானிக் "எஞ்சின் போச்சு சார்"னு சொன்னா பெரும்பாலும் போனது சிலிண்டர் சுவரும், பிஸ்டன் ரிங்கும், பேரிங்கும்தான். சிலிண்டரோட மேல்பக்கம் அதிகமா தேயும். ரிங் சரியா ஒட்டாது. ஆயில் மேல ஏறி எரிஞ்சு நீலப் புகை வரும். கம்ப்ரெஷன் குறைஞ்சு மேட்டுல இழுக்காது. பேரிங் தேஞ்சா ஆயில் பிரஷர் விழும். ஆனா இரும்பு பிளாக் அவ்வளவு சீக்கிரம் சாகாது. ரீபோர் பண்ணி பெரிய சைஸ் பிஸ்டன் போடலாம், இல்ல லைனர் இறக்கலாம். கிராங்கை கிரைண்டிங் பண்ணி அதுக்கேத்த பேரிங் போடலாம். பிளாக் விரிசல் விட்டாலோ, கிராங்க் கடைசி சைஸையும் தாண்டிட்டாலோதான் கதையே வேற.

இது லண்டன் போக்குவரத்துக் கழகத்துக்கு நல்லாவே தெரியும். ரூட்மாஸ்டருக்குப் பெரும்பாலும் போட்டது ஏ.ஈ.சி கம்பெனியோட 9.6 லிட்டர் டீசல் எஞ்சின், ஏவி590. கம்பெனி லண்டனுக்குள்ளயே சவுத்தாலில் இருந்துச்சு. பஸ்ஸை மொத்தமா பிரிச்சு மேய ஆல்டன்ஹாமில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப். அந்தக் கட்டடம் முதல்ல ரயில் டிப்போவா திட்டமிட்டது, இரண்டாம் உலகப்போர்ல அங்க ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானம் செஞ்சாங்க, ரயில் பாதை வராமலே போனதால கடைசியில பஸ்ஸுக்கு வந்து சேர்ந்துச்சு. எஞ்சின், கியர்பாக்ஸ் வேலை எல்லாம் சிஸ்விக்ல இருந்த இன்னொரு ஒர்க்‌ஷாப்ல.

இங்கதான் சூட்சுமம். ஒரு பஸ் வந்தா, அதோட எஞ்சின் சரியாகற வரைக்கும் அந்த பஸ் காத்திருக்காது. ஏற்கனவே சரி பண்ணி வெச்ச எஞ்சின் ரேக்ல ரெடியா இருக்கும். அதைப் போட்டு அனுப்பிடுவாங்க. கழட்டினது சரியாகி அடுத்த பஸ்ஸுக்குப் போகும். இதுல உச்சகட்டம் என்னன்னா, உள்ள போற பஸ்ஸோட நம்பரை ஏற்கனவே ரெடியான வேற பஸ்ஸுக்குக் குடுத்து வெளிய அனுப்பினாங்க. நம்பர் அதே, வண்டி வேற! நம்ம பாஷையில சொன்னா, சர்வர் ஐ.பி. மாறாது, பின்னாடி மெஷின் மாறிடும் :-)

ஆக, இது ரீபில்டா, ரீப்ளேஸா? ஒரு பஸ்ஸைப் பார்த்தா ரீப்ளேஸ். மொத்தக் கூட்டத்தையும் பார்த்தா ரீபில்ட். வண்டி நிக்கற நேரம் மட்டும் மிச்சம்.

இதே வித்தையை ஒத்தை ஆளா செஞ்சவர் ஒருத்தர் இருக்கார். கிரீஸ் நாட்டு டாக்ஸி டிரைவர் கிரிகோரியோஸ் சச்சினிடிஸ். அவரோட 1976 மாடல் மெர்சிடிஸ் 240டி மொத்தம் 46 லட்சம் கிலோமீட்டர் ஓடி, 2004ல மெர்சிடிஸ் மியூசியத்துக்கே போச்சு. அவர் மூணு எஞ்சினை மாத்தி மாத்திப் போட்டு ஓட்டினார், மொத்தம் 11 தடவை. டாக்ஸி நின்னா அன்னிக்கு சோறு இல்லைங்கறவருக்கு அதுதான் சரியான கணக்கு.

அமெரிக்காவுல இர்வ் கார்டன்னு ஒரு சயின்ஸ் வாத்தியார். 1966ல வாங்கின வோல்வோ பி1800எஸ். முதல் 6,80,000 மைல் வரைக்கும் எஞ்சினைப் பிரிக்கவே இல்லை. அதுக்கப்புறம் பிரிச்சு, அதே எஞ்சினை சரி பண்ணித்தான் ஓட்டினார். 2013ல 30 லட்சம் மைல் தாண்டிச்சு, கின்னஸ்ல பேரு. 2018ல அவர் காலமானார். அவர் அடிக்கடி சொன்ன ரகசியம் ரொம்ப சாதாரணம்: நேரத்துக்கு ஆயில் மாத்தறது. அவருக்கு இது ஆசைக்கு ஓட்டுற கார். கொஞ்ச நாள் ஷெட்ல நின்னாலும் குடும்பம் பட்டினி கிடக்காது.

ரெண்டு பேருமே சரி. எஞ்சின் தேஞ்சது ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான், வண்டி எத்தனை நாள் நிக்கலாம்ங்கறதுதான் வேற.

லண்டனுக்குத் திரும்புவோம். 1979ல சவுத்தால் ஏ.ஈ.சி தொழிற்சாலையை மூடிட்டாங்க. 1986ல ஆல்டன்ஹாமும் மூடியாச்சு. பஸ்ஸோ இன்னும் நல்லா ஓடுது, அலுமினிய பாடி துருப்பிடிக்கல. ஆனா எஞ்சினைப் பெத்தவனும் இல்ல, வளர்த்தவனும் இல்ல. பார்ட்ஸுக்கு எத்தனை நாள் பழைய வண்டியைப் பிரிச்சு எடுக்கறது? அதனால 1990களோட ஆரம்பத்துல நூத்துக்கணக்கான ரூட்மாஸ்டர்களுக்கு கம்மின்ஸ், இவெகோ எஞ்சின் போட்டாங்க. முப்பது வருஷம் ரீபில்ட்தான் சரின்னு இருந்த அதே ஊரு மாத்துச்சு. எஞ்சின் அதுக்கு முன்னாடியும் தேஞ்சுகிட்டுதான் இருந்துச்சு. புதுசா நடந்தது, அதைச் சுத்தி இருந்த ஊரே காலியானதுதான்.

2000க்கு அப்புறம் இன்னொரு சுற்று, சில வண்டிகளுக்கு மறுபடி கம்மின்ஸ் எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எல்லாம் போட்டாங்க. அப்படியும் 2005ல முடிஞ்சது. காரணம் எஞ்சின் இல்ல! வீல்சேர் ஏற முடியாத படிக்கட்டு, தனியா ஒரு கண்டக்டர் சம்பளம். புது எஞ்சின் போட்டா இதெல்லாம் மாறுமா?

இதை ஏன் இப்போ இவ்வளவு தேடிப் படிச்சேன்னா, எங்க மாமா ஒருத்தர் மினி லாரி வெச்சு காய்கறி லோடு அடிக்கறார். நாலு லட்சம் கிலோமீட்டர் தாண்டிடுச்சு. லிட்டர் லிட்டரா ஆயில் குடிக்குது. மெக்கானிக் "முழுசா இறக்கி வேலை பாத்துடலாம், பத்து நாள் ஆகும்"ங்கறார். இன்னொருத்தர் "பழைய எஞ்சின் ஒண்ணு இருக்கு, ரெண்டே நாள்"ங்கறார். மாமா என்கிட்ட கேட்டார், "நீதான் எஞ்சினியராச்சே மாப்ள?" நான் படிச்சது கம்ப்யூட்டர்னு சொன்னா அவருக்கு அது ஒரு பதிலே இல்ல :-)

ரூட்மாஸ்டர் கதையை வெச்சு நான் அவர்கிட்ட நாலு கேள்வி கேட்டேன். பத்து நாள் வாடகை வண்டி எடுத்து லோடு அடிச்சா எவ்வளவு ஆகும்? பார்ட்ஸ் இன்னும் அஞ்சு வருஷம் கிடைக்குமா? வரப்போற எஞ்சினோட வரலாறு யாருக்காவது தெரியுமா? சேஸிஸ், கியர்பாக்ஸ், எஃப்.சி. எல்லாம் எஞ்சினுக்கு ஈடு குடுக்குமா? நம்ம ஊர்ல இன்னொண்ணும் இருக்கு. எஞ்சின் நம்பர் ஆர்.சி.யில இருக்கு. பிளாக்கை வெச்சுகிட்டே வேலை பார்த்தா நம்பர் மாறாது. வேற எஞ்சின் போட்டா ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய் முறைப்படி மாத்தணும். ஆல்டன்ஹாம் மாதிரி நம்பரைத் தூக்கி வேற வண்டிக்குக் குடுத்தா நேரா ஸ்டேஷன்தான்.

மாமா கணக்குப் போட்டுப் பார்த்தார். பத்து நாள் வாடகை வலிக்குது, ஆனா தாங்கும். பார்ட்ஸ் எங்க ஊர் கடைத்தெருவுலயே கிடைக்குது. அந்தப் பழைய எஞ்சின் எந்த வண்டியில இருந்து வந்துச்சுன்னு விக்கறவருக்கே தெரியல. போரிங் போட லேத் ரெண்டு தெரு தள்ளி இருக்கு. அதாவது மாமாவோட சவுத்தால் இன்னும் மூடல. எஞ்சினை இறக்கச் சொல்லிட்டார்.

உங்க வீட்டு வண்டிக்கு இப்படி ஒரு முடிவு எடுத்திருந்தா, எந்தப் பக்கம் போனீங்க, அதுக்கப்புறம் எத்தனை கிலோமீட்டர் ஓடுச்சுன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. மாமாகிட்ட அப்படியே படிச்சுக் காட்டறேன்.