மில்டூராவுக்கு வழி கேட்டவர்கள்

2007 அக்டோபரில் நோக்கியா ஒரு நிறுவனத்தை 810 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அறிவித்தது. நாவ்டெக் என்ற அந்த நிறுவனம் போனும் செய்யவில்லை, சிப்பும் செய்யவில்லை. 1985-இல் தொடங்கி அது செய்துவந்தது ஒரே வேலைதான். காரில் ஆட்களை அனுப்பி, எந்தத் தெரு ஒருவழி, எந்த முனையில் திரும்பத் தடை, எந்தப் பாலத்தின் அடியில் லாரி நுழையாது என்று குறித்துவரச் செய்தது. உலக அளவில் இப்படிச் சாலை விவரம் சேர்த்து விற்ற பெரிய நிறுவனங்கள் அப்போது இரண்டுதான். மற்றொன்றான டெலி அட்லஸ் நெதர்லாந்தைச் சேர்ந்தது. கார்களில் பொருத்தும் வழிகாட்டிக் கருவிகளை விற்ற டாம்டாம் அதை வாங்க முன்வந்திருந்தது. அதன் போட்டியாளரான கார்மின் குறுக்கே புகுந்து 230 கோடி யூரோ தருவதாகச் சொல்ல, டாம்டாம் 290 கோடிக்கு ஏறியது. கார்மின் ஒதுங்கிக்கொண்டது.

அவ்வளவு பணம் கொட்டியதற்குக் காரணம் இருந்தது. ஜிபிஎஸ் கைப்பேசிக்குள் வந்துகொண்டிருந்தது. சாலை விவரம் யார் கையிலோ, அவர் கையில்தான் சந்தை என்று எல்லோரும் நினைத்தார்கள். நினைப்பு சரிதான். அந்த விவரத்தை வேறு வழியிலும் சேர்க்க முடியும் என்பதை மட்டும் அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

சிட்னியில் லார்ஸ், யென்ஸ் ராஸ்முசென் என்ற டென்மார்க் சகோதரர்கள் இரு நண்பர்களுடன் நடத்திய சிறு நிறுவனத்தை 2004-இல் கூகுள் வாங்கியது. அதிலிருந்து பிறந்த கூகுள் மேப்ஸ் 2005 பிப்ரவரியில் வெளிவந்தது. மவுஸால் இழுக்க இழுக்க நகரும் அந்தப் படம் அழகாக இருந்தது. படத்துக்கு அடியில் கிடந்த சாலை விவரமோ பெரும்பாலும் வாடகைச் சரக்கு. 2008-இல் கூகுள் ‘கிரவுண்ட் ட்ரூத்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. அரசு வரைபடங்களை அடித்தளமாக வைத்து, தெருக்களைப் படம்பிடிக்கும் தன் ஸ்ட்ரீட் வியூ கார்கள் எடுத்த படங்களோடு ஒப்பிட்டு, மேசைக்கு முன் அமர்ந்த ஊழியர்கள் ஒவ்வொரு சாலையாகத் திருத்தினார்கள். 2009 அக்டோபரில் அமெரிக்க வரைபடத்திலிருந்து டெலி அட்லஸின் விவரம் நீக்கப்பட்டது. அதே மாதம் 28-ஆம் தேதி, திருப்பத்துக்குத் திருப்பம் குரலில் வழி சொல்லும் வசதியை ஆண்ட்ராய்டு போன்களுக்கு இலவசமாகத் தரப்போவதாகக் கூகுள் அறிவித்தது. அன்றே கார்மின், டாம்டாம் பங்குகள் சரிந்தன. டாம்டாம் டெலி அட்லஸை வாங்கி முடித்து இரண்டு ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை.

ஐபோனிலும் முதல் நாளிலிருந்தே கூகுளின் வரைபடம்தான். ஆனால் குரல் வழிகாட்டி அதில் இல்லை. அந்தக் குறையைச் சகிக்காத ஆப்பிள் 2009 முதல் ஆண்டுக்கு ஒன்றாக பிளேஸ்பேஸ், பாலி9, சி3 டெக்னாலஜிஸ் ஆகிய வரைபட நிறுவனங்களை வாங்கியது. 2012 செப்டம்பர் 19 அன்று ஐஓஎஸ் 6 வந்தபோது கூகுளின் படம் வெளியேறி, ஆப்பிளின் சொந்தப் படம் உட்கார்ந்தது. டாம்டாமிடமும் இன்னும் பலரிடமும் வாங்கிய விவரங்களை ஒட்டவைத்த படம் அது. பாலங்கள் உருகி வழிவதுபோல் தெரிந்தன; ஊர்கள் இடம் மாறின. ஒன்பதாம் நாள் தலைமைச் செயல் அதிகாரி டிம் குக் வாடிக்கையாளர்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். நாங்கள் சரிசெய்யும் வரை பிங், மேப்குவெஸ்ட், வேஸ் செயலிகளையோ, கூகுள், நோக்கியா இணையதளங்களையோ பயன்படுத்துங்கள் என்று போட்டியாளர்களின் பெயர்களை அவரே எழுதினார். ஐஓஎஸ் பிரிவின் தலைவர் ஸ்காட் ஃபோர்ஸ்டால் பதவி விலகுவதாக அடுத்த மாதமே அறிவிப்பு வந்தது.

விரைவில் விஷயம் கேலியைத் தாண்டிப் போனது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மர்ரி ஆற்றங்கரையில் மில்டூரா என்ற ஊர் இருக்கிறது. டிசம்பரில் மாநிலக் காவல்துறை ஓர் எச்சரிக்கை விடுத்தது: ஆப்பிள் வரைபடத்தை நம்பி மில்டூராவுக்குக் கிளம்பாதீர்கள். அந்தப் படம் ஊரை 70 கிலோமீட்டர் தள்ளி, மர்ரி-சன்செட் தேசியப் பூங்காவின் நடுவில் காட்டியது. அங்கே தண்ணீர் கிடையாது. கோடையில் வெயில் 46 டிகிரியைத் தொடும். வழிதவறிய சிலர் உணவும் நீரும் இல்லாமல் ஒரு நாள் முழுக்கச் சிக்கிக் கிடந்தார்கள். போனில் சிக்னல் கிடைக்க நெடுந்தூரம் நடந்தார்கள்.

பிழை எங்கிருந்து வந்தது என்பது பிறகு தெரிந்தது. அரசின் இடப்பெயர்ப் பட்டியலில் மில்டூரா இரண்டு இடத்தில் வருகிறது. ஒன்று ஊர், மற்றொன்று அதைச் சுற்றிய பரந்த நிர்வாகப் பகுதி. அந்தப் பகுதியின் மையப்புள்ளி பாலைக்குள் விழுகிறது. பட்டியலில் தவறு இல்லை. எது ஊர் என்று பார்க்க ஒரு மனிதக் கண் இல்லை, அவ்வளவுதான். அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் திரையைக் காட்டியிருந்தால் நொடியில் சொல்லியிருப்பார். உயிர் போகக்கூடிய இடத்தில் அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதை எந்த அவசரமும் நியாயப்படுத்தாது.

டிசம்பர் 13 அன்று கூகுள் மேப்ஸ் தனிச் செயலியாக ஐபோனுக்குத் திரும்பியது. 48 மணி நேரத்தில் ஒரு கோடிப் பதிவிறக்கங்கள்.

ஊர்க்காரரைக் கேட்கும் யோசனை இந்தியாவிலிருந்துதான் கூகுளுக்குள் வலுவாக எழுந்தது. பெங்களூரு அலுவலகத்தில் பணியாற்றிய லலிதேஷ் கட்ரகட்டாவின் முயற்சியால் 2008-இல் மேப் மேக்கர் வந்தது. விலைக்கு வாங்க வரைபடமே இல்லாத நாடுகளில், மக்கள் தங்கள் தெருவையும் குளத்தையும் பள்ளியையும் தாங்களே வரைந்தார்கள். கூலி வாங்காமல் செய்த இந்த வேலையைப் போட்டி வரலாறுகள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன; அது அநியாயம். 2015-இல் பாகிஸ்தானின் ராவல்பிண்டி அருகே யாரோ ஒருவர், ஆப்பிள் சின்னத்தின் மேல் ஆண்ட்ராய்டு பொம்மை சிறுநீர் கழிப்பதுபோல் வரைந்துவைத்தார். மேப் மேக்கர் சில காலம் நிறுத்தப்பட்டது. 2017-இல் நிரந்தரமாகவே மூடப்பட்டது.

நோக்கியா தன் வரைபடப் பிரிவை 2015-இல் ஆடி, பிஎம்டபிள்யூ, டெய்ம்லர் கார் நிறுவனங்களுக்கு 280 கோடி யூரோவுக்கு விற்றது. ஆப்பிள் தன் வண்டிகளைச் சாலைகளில் ஓட்டத் தொடங்கியது. 2016-இல் ஹைதராபாத்தில் வரைபடப் பணிக்கென்றே ஓர் அலுவலகம் திறந்து, 4,000 பேர் வரை வேலை பெறுவார்கள் என்றது. சொந்தமாகச் சேர்த்த விவரத்தில் எழுந்த புதிய படம் 2020 ஜனவரியில் அமெரிக்கா முழுவதையும் எட்டியது.

இந்தியச் சந்தையில் போட்டி அதற்குப் பிறகுதான் சூடானது. 2024 ஜூலையில் வாடகைக் கார் நிறுவனமான ஓலா, கூகுள் மேப்ஸுக்கு ஆண்டுக்கு 100 கோடி ரூபாய் செலவிட்டுவந்ததாகவும் இனித் தன் சொந்த வரைபடத்துக்கு மாறிவிட்டதாகவும் அறிவித்தது. சில நாட்களில் கூகுள் இந்திய மென்பொருள் நிறுவனங்களுக்கான கட்டணத்தை 70 சதவீதம் வரை குறைத்தது. அதே மாதம் மேப்மைஇந்தியாவிடமிருந்து ஓலாவுக்கு வக்கீல் நோட்டீஸ் போனது. 1995 முதல் இந்தத் தொழிலில் இருக்கும் அந்த நிறுவனத்தின் புகார், தங்கள் வரைபட விவரங்கள் நகலெடுக்கப்பட்டன என்பது. ஓலா அதை மறுத்தது.