ஏழிசையும் அதன் இலக்கணமும்

குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பன ஏழிசையின் தமிழ்ப் பெயர்கள். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் ஆடும் மகளிர் எழுவருக்கும் இப்பெயர்களே சூட்டப்பெறுகின்றன. குரலுக்கு ஐந்தாவது இளி. இளிக்கு ஐந்தாவது துத்தம். இவ்வாறே சென்று ஏழிசையையும் பெறும் முறையை நம் முன்னோர் அறிந்திருந்தனர். கிரேக்க நாட்டிலும் பித்தாகோரசு வழியினர், நரம்பின் நீளத்தை மூன்றில் இரண்டாகக் குறைப்பின் அவ்வைந்தாம் சுரம் ஒலிக்கும் எனக் கணக்கிட்டனர்.

1550-இல் விசயநகரத்து இராமராயர் ஆதரவில் இராமாமாத்தியர் 'சுவரமேளகலாநிதி' இயற்றி, இராகங்களை மேளங்களாகத் தொகுத்தார். எட்டாண்டு கழித்து, 1558-இல், இத்தாலியின் வெனிசு நகரில் சார்லினோ தம் இசையிலக்கணத்தை வெளியிட்டார். அவர் பல குரல்கள் இயைந்தொலிக்கும் நெறியை ஆராய்ந்தார். நம்மவரோ ஒரே குரலில் விரியும் இராகத்தை ஆராய்ந்தனர். பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சையில் வேங்கடமகி 72 மேளங்களுக்குக் கணக்கு வகுத்தார். நூலின் மொழி வடமொழி. ஆதரித்த நாயக்கர் மொழி தெலுங்கு. விளைந்த மண் தமிழ் மண்.

நாளடைவில் தமிழ்ப் பெயர்கள் வழக்கில் அருகின. ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் 'கருணாமிர்த சாகர'த்தாலும், விபுலானந்த அடிகள் 1947-இல் 'யாழ் நூலா'லும் அவற்றை விளக்கினர்.

ஏ.எஸ்.ராவ் நகரில் வாழும் நம் சிறார், தியாகராசரின் கீர்த்தனங்களை அவர்தம் மொழி வழங்கும் மண்ணிலேயே கேட்டு வளர்கின்றனர். அஃது அவர்கள் பெற்ற பேறு. ஆயினும், 'ச ரி க ம' பயிலும் நா, குரலும் துத்தமும் அறிதல் வேண்டும். இங்குப் பள்ளியில் அதனைக் கற்பிப்பார் அரியர். நாம் வீட்டில் சொல்லாவிடின், வேறு யார் சொல்வர்?