கால் லிட்டர் பால்

அம்பத்தூர் எஸ்டேட்டில் பிளேட்டிங், பெயிண்டிங், ஃபவுண்டரி வேலை செய்பவர்களுக்குப் பல கம்பெனிகளில் ஒரு தனிச் சலுகை இருந்தது. தினம் கால் லிட்டர் பால். சம்பள ஒப்பந்தத்தில் ஓவர்டைம், போனஸ், யூனிஃபார்ம், சோப்பு என்று போகும் பட்டியலில் அதுவும் ஒரு வரி. ஆசிட் புகையும் பெயிண்ட் நெடியும் நெஞ்சில் இறங்கினால் பால் அதை முறித்துவிடும் என்பது நம்பிக்கை. நான் வேலை பார்த்த கம்பெனியில் அந்தப் பாலைக் காய்ச்சி, அளந்து ஊற்றி, ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்குவது கேண்டீனின் பொறுப்பு. நான் கேண்டீன் சூப்பர்வைசர். எஸ்டேட்டின் சரித்திரத்தை மெஷின்களை வைத்து எழுத ஆட்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது அண்டாவும் கரண்டியும். அதனால் வயிற்றின் பக்கமிருந்து எழுதுகிறேன்.

பாலை விஷமுறிவாகக் கொடுப்பது அம்பத்தூரில் பிறந்த வழக்கம் அல்ல. ஐரோப்பாவில் ஈயம் உருக்கும் ஆலைகளில் பால் கொடுத்தார்கள். சோவியத் ரஷ்யாவில் ஆபத்தான வேலைக்குப் பால் என்பது சட்டமாகவே இருந்தது. நம் தொழிற்சாலை விதிகள் கேட்பது வேறு. குரோமியம் பிளேட்டிங்கை அவை ஆபத்தான வேலைகளில் வைத்து, தொட்டியின் மேல் புகையை உறிஞ்சும் ஏற்பாடு, கையுறை, பூட்ஸ், மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றைக் கட்டாயமாக்குகின்றன. பால் குரோமியத்தை உடம்பிலிருந்து வெளியேற்றும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஆனாலும் பால் நிலைத்தது. தொழிற்சங்கத்துக்கு அது போராடி வாங்கிய உரிமை. நிர்வாகத்துக்கு அது எக்ஸாஸ்ட் ஃபேனைவிட மலிவு.

பாலை வாங்கியவர்கள் எல்லாரும் குடித்தார்கள் என்று நினைக்க வேண்டாம். பாதிப் பேர் டிபன் கேரியரின் அடித்தட்டில் ஊற்றிப் பிள்ளைகளுக்கு எடுத்துப் போவார்கள். அங்கேயே குடித்தவர்களில் சிலர் அடுத்த ஒரு மணி நேரத்தில் இரண்டு தடவை கக்கூஸ் போய் வருவார்கள். பட்டாபிராமிலிருந்து வந்த மூத்த பாலிஷர் ஒருவர் ஒருநாள் என்னிடம், “தம்பி, எனக்கு மட்டும் இதை மோராக்கிக் குடுக்க முடியுமா? பாலைக் குடிச்சா வயிறு உப்பிக்கிட்டு கடமுடாங்குது” என்றார். நியாயமான கோரிக்கை என்று கேண்டீன் கமிட்டியில் வைத்தேன். ஒப்பந்தத்தில் பால் என்றுதான் இருக்கிறது என்றார் நிர்வாகத்தின் ஆள். இன்றைக்கு மோருக்குச் சம்மதித்தால் நாளைக்குத் தண்ணீர் மோரை ஊற்றி ஏமாற்றுவார்கள் என்றார் சங்கத்தின் ஆள். எதிலும் ஒத்துப்போகாத இரண்டு பேரும் அன்றைக்கு ஒத்துப்போனார்கள்.

அந்தப் பாலிஷரின் வயிறு விசித்திரமானது அல்ல. அது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விளங்கும்.

இந்தப் பக்கம் முழுக்க ஏரிப் பாசன ஊர்கள். டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-இல் அம்பத்தூரில் தொடங்கியது. பாடியில் டி.வி.எஸ். குழுமத்தின் ஆலைகளும், ஆவடியில் டாங்கி கட்டும் ஹெவி வெஹிக்கிள்ஸ் ஃபேக்டரியும் அறுபதுகளின் தொடக்கத்தில் வந்தன. 1965-இல் விஜயந்தா டாங்கி ஆவடியிலிருந்து வெளியே வந்த காலத்தை ஒட்டித்தான் அம்பத்தூர் எஸ்டேட்டும் உருவானது. வேலைக்கு வந்தவர்களில் முதல் தலைமுறை திருநின்றவூர், திருமழிசை, பூந்தமல்லி சுற்றுவட்டாரத்து விவசாயக் குடும்பங்கள். காலையில் பழைய சோறு அல்லது கேழ்வரகுக் கூழ், கூடவே மோர், கடிக்கச் சின்ன வெங்காயம். இதுதான் அவர்கள் வளர்ந்த சாப்பாடு.

என் வீடு திருமழிசைப் பக்கம். எங்களிடம் ஓர் எருமை இருந்தது. ஆனால் டம்ளரில் பால் குடித்து வளர்ந்தவன் இல்லை நான். கறந்த பாலில் வாடிக்கை வீடுகளுக்குப் போனது போக மீந்ததை அம்மா காய்ச்சி உறை ஊற்றுவார். காலையில் மத்தால் கடைந்து எடுத்த வெண்ணெய் நெய்யாகிப் பூந்தமல்லி பஜாருக்குப் போகும். எங்களுக்கு மிஞ்சுவது மோர். அக்கம்பக்கத்தவர் சொம்போடு வந்தால் அவர்களுக்கும் மோர்தான். இதை முன்னோர்களின் மருத்துவ அறிவு என்று இப்போது மேடையில் பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஐஸ் பெட்டி இல்லாத வீட்டில் பால் மறுநாள் வரை தாங்காது, நெய்க்குக் காசு கிடைக்கும், மோருக்குக் கிடைக்காது. வறுமையும் வெயிலும் சேர்ந்து உண்டாக்கிய ஏற்பாடு அது. வயிற்றுக்கும் ஒத்துப்போனது என்பது தற்செயலான லாபம்.

அந்தத் தட்டை முதலில் மாற்றியது போர். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனதும் பர்மா அரிசி நின்றது. 1943-இல் சென்னையில் ரேஷன் வந்தது, அரிசி போதாத இடத்தில் கோதுமை வந்தது. 1952-இல் ராஜாஜி கட்டுப்பாட்டை நீக்கினார். ஆனால் அறுபதுகளின் பஞ்சத்தில் அமெரிக்காவின் பி.எல். 480 உதவித் திட்டக் கோதுமை மறுபடி ரேஷன் கடைக்கு வந்தது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற பேச்சுக்கு அவ்வளவு மவுசு ஏன் என்று அந்த வரிசைகளில் நின்றவர்களுக்குத் தெரியும். அம்மா ரேஷன் கோதுமையை உடைத்து உப்புமா கிண்டுவார், அப்பா அதைத் தொடாமல் எழுந்து போவார். அடுத்த தலைமுறைக்கு அந்தப் பிணக்கு இல்லை. எஸ்டேட் வாசலில் பரோட்டாக் கடைகள் முளைத்தன. நைட் ஷிஃப்ட் முடிந்தால் பரோட்டா, சால்னா என்பது வழக்கமாயிற்று.

அடுத்து வந்தது பால். 1970-இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டம் முதலில் குறிவைத்த நான்கு நகரங்களில் சென்னையும் ஒன்று. மாதவரத்திலும் அம்பத்தூரிலும் பால் பண்ணைகள், தெருமுனையில் ஆவின் பூத், மாதக் கார்டு, பிறகு பாக்கெட். வாங்கி வைத்தால் சட்டென்று கெடாத பால் வந்ததும் கடைய வேண்டிய அவசியம் போயிற்று. மோர் குடித்த வீடுகள் ஒரே தலைமுறையில் காலையில் காப்பி, பகலில் நாலு டீ, ராத்திரி பிள்ளைகளுக்கு ஒரு டம்ளர் பால் என்று மாறின.

வயிறு அவ்வளவு வேகமாக மாறக்கூடியது அல்ல. பாலில் இருக்கும் சர்க்கரைக்கு லாக்டோஸ் என்று பெயர். அதை உடைக்கும் லாக்டேஸ் என்ற நொதி குழந்தைப் பருவத்துக்குப் பிறகு உலகத்தில் பெரும்பாலோருக்குக் குறைந்துவிடும். உடையாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய்த் தண்ணீரை இழுக்கும், அங்குள்ள பாக்டீரியா அதைப் புளிக்கவைத்து வாயுவாக்கும். 1960-களின் நடுவில் அமெரிக்காவின் பால்டிமோரில் நடந்த ஆய்வுகள் இதைத் தெளிவாக்கும் வரை, பால் ஒத்துக்கொள்ளாதவரை ஏதோ நோயாளி என்றே நினைத்தார்கள். லக்னோவிலும் பெங்களூரிலும் ஆரோக்கியமானவர்களைச் சோதித்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், லாக்டோஸ் சரியாகச் செரிக்காதவர்கள் வடக்கே 66.2 சதவீதம், தெற்கே 88.2 சதவீதம். இப்படிப்பட்டவர்களிலும் அநேகர் ஒரு வேளைக்கு 12 கிராம் லாக்டோஸ் வரை பெரிய தொந்தரவில்லாமல் தாங்குவார்கள் என்பது மருத்துவக் கணக்கு. கால் லிட்டர் பாலில் இருப்பது ஏறக்குறைய அதே 12 கிராம். எங்கள் ரிஜிஸ்டரின் அளவு சரியாக வரப்பில் நின்றிருக்கிறது. ஒரு டீயில் இரண்டு மூன்று கிராம்தான், அதனால் டீயைச் சந்தேகிக்காத பலர் பாலில் மாட்டிக்கொண்டார்கள்.

மோர் கேட்ட பாலிஷருக்கும் விஞ்ஞானம் துணை இருக்கிறது. அமெரிக்காவின் மினியாபொலிஸில் மைக்கேல் லெவிட் என்ற மருத்துவர் வயிற்று வாயுவையே ஆராய்ந்தவர். அவர் குழு 1984-இல் காட்டியது: தயிரில் லாக்டோஸ் கொஞ்சம் குறைவதோடு, உறையவைத்த பாக்டீரியாவின் நொதி உள்ளே போய் மீதியையும் உடைக்க உதவுகிறது. மோரில் தண்ணீர் கலப்பதால் அளவு இன்னும் குறையும். அதே குழு 1981-இல் மைதா ரொட்டியைச் சோதித்து, அதன் மாவுச்சத்தில் ஒரு பங்கு செரிக்காமல் பெருங்குடலுக்குப் போவதைக் கண்டது. பின்னர் பல தானியங்களை ஒப்பிட்டபோது அரிசிச் சோறுதான் மிகக் குறைவாக வாயு உண்டாக்கியது. உப்புமாவை விட்டு எழுந்த என் அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது, அவருக்கு ருசி பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

பால் ஒத்துக்கொள்ளாமல் இருப்பது ஒன்று, எரிச்சல் குடல் நோய் வேறொன்று. இரண்டும் ஒரே ஆளிடம் சேரும்போதுதான் கஷ்டம். வயிற்று வலி, உப்புசம், பேதியும் மலச்சிக்கலும் மாறி மாறி வருவது, ஆனால் ஸ்கேனிலும் ரத்தத்திலும் ஒன்றும் அகப்படாதது, இதுதான் அந்த நோய். ஆங்கிலத்தில் இப்போதுள்ள பெயர் 1944-இல் வந்தது. எஸ்டேட்டில் எல்லாவற்றுக்கும் “கேஸ்” என்ற ஒரே பெயர்தான், ஒரே வைத்தியம் ஓம வாட்டரும் சோடாவும். இந்த நோய் உள்ளவர்களின் குடல் நரம்புகள் அதிகக் கூர்மையானவை. மற்றவர் கவனிக்காத வாயுவே இவர்களுக்கு வலியாகும். இந்திய இரைப்பை-குடல் மருத்துவர் சங்கத்தின் குழு 2008-இல் வெளியிட்ட அறிக்கை, பொதுமக்களில் 4.2 சதவீதம் பேருக்கு இது இருப்பதாகச் சொன்னது. மேலை நாடுகளில் பெண்களே அதிகம் வருகிறார்கள். இங்கே மருத்துவரிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். கேண்டீன் கவுன்டரில் நின்றவனுக்கு அதில் ஆச்சரியம் இல்லை.

பாலைத் தாண்டி என் சமையலறையில் என்னென்ன சிக்கல் இருந்தது என்பதை மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழகம் சொன்னது. பீட்டர் கிப்சனும் சூ ஷெப்பர்டும் 2005-இல், சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாத சிறு சர்க்கரைகள் அத்தனையையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவந்து ஃபாட்மேப் என்று பெயர் வைத்தார்கள். பாலின் லாக்டோஸ் அதில் ஒன்று. கோதுமை, வெங்காயம், பூண்டில் இருக்கும் ஃப்ரக்டான் இன்னொன்று. பருப்பிலும் கொண்டைக்கடலையிலும் இருப்பது மூன்றாவது, அதை உடைக்கும் நொதி மனிதர் எவர் குடலிலும் சுரப்பதில்லை. சாம்பார், வெங்காய பஜ்ஜி, சுண்டல், பரோட்டா என்று எங்கள் வார மெனுவை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டால் அநேகமாக எல்லாம் பொருந்தும். இரண்டாயிரத்துக்குப் பிறகு வடநாட்டுத் தொழிலாளிகள் வந்ததும் சப்பாத்தி, சன்னா, ராஜ்மாவும் சேர்ந்தன.

எங்கள் தலைமைச் சமையற்காரர் கடலை ஊறிய தண்ணீரைச் சேர்த்து வேகவைக்க விடமாட்டார், கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றச் சொல்வார். அந்தத் தண்ணீரோடு வாயுவுண்டாக்கும் சர்க்கரையில் ஒரு பங்கு போய்விடும். அமாவாசைக்கு வெங்காயம் இல்லாமல் சாம்பார் வைக்கும்போது பெருங்காயத்தைத் தாராளமாகப் போடுவார். அன்றைக்கு மட்டும் “கேஸ்” புகார் குறைவாக இருக்கும். ஈரானிலும் ஆப்கானிஸ்தானிலும் விளையும் அந்தப் பிசினுக்கு வாயுவை அடக்கும் பெயர் பழையது. வெங்காயம் இல்லாததும் சேர்ந்து வேலை செய்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

சாப்பாட்டை மட்டும் குற்றவாளியாக்கினால் பாதிக் கதைதான் வரும். வாரம் ஒரு ஷிஃப்ட் மாறுகிறவனின் குடலுக்கு எது காலை என்றே தெரியாது. மிச்சிகனில் செவிலியர்களிடம் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், ஷிஃப்ட் மாறி மாறி வேலை செய்தவர்களிடம் எரிச்சல் குடல் நோய் கூடுதலாக இருந்தது. கடுமையான வயிற்றுப்போக்குக்குப் பிறகு இது ஒட்டிக்கொள்வதும் உண்டு. மழைக்காலத்தில் சாக்கடையும் குடிநீரும் கலந்த தெருக்களில் வாழ்ந்தவர்களுக்கு அது புதுச் செய்தி இல்லை. பழைய சோற்றுக் காலத்தைச் சொர்க்கமாக்கிப் பேசுகிறவர்கள் அந்தக் காலத்துக் காலராவையும் சேர்த்துப் பேச வேண்டும்.

பால் விஷயம் பிறகு வந்த ஒப்பந்தத்தில் தானே தீர்ந்தது. காய்ச்சுகிற செலவு கட்டுப்படவில்லை என்று கூப்பனாக்கினார்கள். ஆட்கள் பூத்தில் பாக்கெட் வாங்கி வீட்டில் உறை ஊற்றினார்கள். வயிற்றைப் பற்றிய யோசனை அந்த முடிவில் எங்கேயும் இல்லை.

இப்போது அம்பத்தூரின் சூப்பர் மார்க்கெட்டுகளில் குளூட்டன் இல்லாத மாவும் சிறுதானிய பிஸ்கட்டும் அடுக்கிவைத்திருக்கிறார்கள். ஒவ்வாமை என்று பால், கோதுமை, பருப்பு, வெங்காயம் எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்திய ஆட்களைப் பார்க்கிறேன், இளைத்துப் போயிருக்கிறார்கள். மோனாஷ் முறையே அப்படிச் சொல்லவில்லை. இரண்டு முதல் ஆறு வாரம் குறைத்துப் பார்த்து, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்து, எது எந்த அளவில் தொந்தரவு என்று கண்டுபிடித்து, மீதியைத் திரும்பச் சாப்பிட வேண்டும். அதுவும் உணவியல் நிபுணரைக் கலந்துகொண்டு. மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, ஐம்பது வயதுக்கு மேல் மலம் கழிப்பதில் புதிதாக வரும் மாற்றம் இருந்தால் உணவுச் சோதனை எல்லாம் பிறகு, முதலில் டாக்டர்.

நான் பார்த்த வரையில் இந்த ஊர்களின் தட்டை மாற்றியவை போர், ரேஷன், ஷிஃப்ட், பால் பாக்கெட். சாப்பிடுகிறவனிடம் யாரும் கேட்டு மாற்றவில்லை. ஆகவே தன் வயிறு கெட்டது தன் குற்றம் என்று எவரும் வெட்கப்பட வேண்டியதில்லை. சாப்பிட்டதையும் வலித்ததையும் எழுத ஒரு நோட்டும், சில வாரப் பொறுமையும் இருந்தால் அந்த மாற்றங்களில் எது தனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அவரவரே கண்டுபிடிக்கத் தொடங்கலாம்.