கொற்கைக் கரையும் இரவல் மெட்டும்

பழைய பாடலொன்றை எடுத்துப் புதுப்படத்தில் ஒலிக்கச் செய்யும் வழக்கம் தமிழ்த் திரையுலகில் அண்மைக் காலத்தில் மிகப் பெருகியுள்ளது. 2019இல் வெளிவந்த ‘கைதி’யில் 1993ஆம் ஆண்டின் ‘மறுபடியும்’ படப் பாடலும், 2022இல் வெளிவந்த ‘விக்ரம்’ படத்தில் 1995ஆம் ஆண்டின் ‘அசுரன்’ படப் பாடலும், 2023இல் வந்த ‘லியோ’வில் 2000ஆம் ஆண்டின் ‘ஏழையின் சிரிப்பில்’ படப் பாடலும் எடுத்தாளப்பட்டன. படம் வருமுன் மக்களை ஈர்ப்பதற்கென வெளியிடும் முன்னோட்டங்களிலும் இதுவே நடைமுறை. 2024இல் ‘கூலி’ படத்தின் முன்னோட்டத்தில் ‘தங்கமகன்’ (1983) படப் பாடலின் பகுதி ஒன்று ஒலித்ததும், அதற்கு இசையமைத்த இளையராஜா அவர்கள் சட்ட அறிவிப்பு அனுப்பியதும் நாடறிந்த செய்தி.

நாம் திரையரங்கின் வாசலை அதிகம் மிதித்தவர்களல்லர். ஆயினும் பாட்டு என்ன, சீட்டு வாங்கிக்கொண்டா வருகிறது? பேருந்திலும் திருமண வீட்டிலும் பிள்ளைகளின் கைப்பேசியிலும் அது தானாகவே வந்து சேர்ந்துவிடுகிறது. தாய் தன் இளமையில் கேட்ட பாடலை மகன் புதுப்பாடல் என்று கருதி முணுமுணுக்கிறான்.

இதனைச் சிலர் திருட்டு என்கின்றனர். வேறு சிலர் முன்னோர்க்குச் செய்யும் மரியாதை என்கின்றனர். இரு சாராரும் ஏதோ நேற்று முளைத்த வழக்கத்தைப் பற்றிப் பேசுவதுபோலவே பேசுகின்றனர். கொற்கைக் கரையின் இலக்கிய வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்பவர்களுக்கு இது மிகப் பழைய வழக்கு என்பது விளங்கும். பிறருடைய பாட்டை எடுத்துக் கையாள்வதில் நம் முன்னோர் சளைத்தவர்களல்லர். ஆனால் அவர்கள் அதனை எவ்வாறு கையாண்டனர் என்பதில்தான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது.

பாண்டியரின் முத்துத் துறையாக விளங்கிய கொற்கை இன்று கடலைக் காணாத சிற்றூர். தாமிரவருணி கொண்டுவந்து சேர்த்த வண்டல் துறையைத் தூர்த்துவிட, வாணிபம் காயலுக்கு நகர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு வியந்து எழுதியது அந்தக் காயலைத்தான். அரபு நாட்டிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் குதிரைகள் அங்கே வந்து இறங்கின. குதிரைகளோடு கிதாபுகளும், கிதாபுகளோடு கஸீதாக்களும் வந்தன. இக்கரையின் மக்கள் அவற்றை ஓதினர், மனனம் செய்தனர், பின்னர் அவற்றின்மேல் தாமும் பாடத் தலைப்பட்டனர்.

அவ்வாறு பாடியவர்களுள் தலையாயவர் காயல்பட்டினத்தில் 1632இல் பிறந்து, 1703இல் மறைந்து, கீழக்கரையில் அடங்கியுள்ள ஸதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்கள். உமறுப் புலவருக்குச் சீறாப்புராணத்திற்கான செய்திகளை வழங்கியவர் என்ற அளவில் பலரும் அவர்களை அறிவர். அவர்களுடைய அரபுப் புலமையின் அடையாளமாக விளங்குவது ‘வித்ரிய்யா’வுக்கு அவர்கள் பாடிய தக்மீஸ் ஆகும். ‘வித்ரிய்யா’ என்பது 13ஆம் நூற்றாண்டில் பக்தாதைச் சேர்ந்த கவிஞர் ஒருவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்மீது பாடிய புகழ்மாலை. அரபு நெடுங்கணக்கின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கஸீதா. ஒவ்வொன்றிலும் 21 பைத்துகள். ‘வித்ர்’ என்றால் ஒற்றைப்படை என்று பொருள்.

தக்மீஸ் என்னும் கலையை அறியாத இளைய வாசகர்களுக்காக அதனைச் சற்று விளக்குவோம். அரபுக் கவிதையின் ஒரு பைத்து இரண்டு அரையடிகளால் ஆனது. தக்மீஸ் பாடும் கவிஞர், அந்த இரண்டுக்கும் முன்னால் தம்முடைய மூன்று அரையடிகளைச் சேர்த்து ஐந்தாக்குவார். ‘கம்ஸ்’ என்றால் ஐந்து. அதிலிருந்து பிறந்ததே தக்மீஸ். சேர்க்கப்படும் மூன்றும் மூலத்தின் முதல் அரையடியோடு ஒரே இயைபில் முடிய வேண்டும்; யாப்பு பிசகக் கூடாது; பொருளும் மூலத்திற்கு வழிவிட்டுச் சென்று அதனுள் கலக்க வேண்டும். மூலக் கவிஞரின் சொல்லில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற அனுமதியில்லை. கேட்பவர்க்கு ஐந்தும் ஒருவர் வாயிலிருந்து வந்தவைபோல் தோன்றும். எனினும் முதல் மூன்று யாருடையவை, பின் இரண்டு யாருடையவை என்பதில் ஐயத்திற்கே இடமில்லை. நூலின் பெயரே ‘இன்ன நூலின் தக்மீஸ்’ என்று மூலத்தின் பெயரைச் சுமந்துகொண்டுதான் வழங்கும். புகழ் பெற்ற பாட்டின்மேல் ஏறி நின்று பாடுவதற்கு இதைவிடக் கண்ணியமான வழியை நாம் அறியோம்.

அரபு இலக்கியத்தில் பாட்டைப் பற்றிய பேச்சு தொடக்கம் முதலே பெயர்களோடு கூடியது. பத்தாம் நூற்றாண்டில் அபுல் ஃபரஜ் அல்-இஸ்ஃபஹானீ தொகுத்த ‘கிதாபுல் அஃகானீ’யை எடுத்துக்கொள்வோம். கலீஃபா ஹாரூன் அர்-ரஷீதுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நூறு பாடல்களைத் தொடக்கமாக வைத்து விரியும் பெருநூல் அது. கவிதையை இயற்றியவர் யார், மெட்டு அமைத்தவர் யார், தாளம் எது என்று அது தனித்தனியே குறிக்கிறது. ஒரே கவிதைக்கு இருவர் மெட்டமைத்திருந்தால் இருவர் பெயரும் வரும். செய்தி யார் வழியாக வந்தது என்ற இஸ்னாதும் உடன் வரும். ஹதீஸ் கலையில் ஊறிய சமூகம் கேளிக்கைப் பாட்டைப் பற்றி எழுதும்போதும் அறிவிப்பாளர் வரிசையை விடவில்லை.

இனி, தமிழ்ப் பக்கம் வருவோம். ஒரு நூற்றாண்டுக்கு முன் சந்தைகளிலும் புகைவண்டி நிலையங்களிலும் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற சிறு பாட்டுப் புத்தகங்களைப் பழைய வீடுகளின் பெட்டிகளில் இன்றும் காணலாம். அவற்றில் பாட்டின் தலைப்பில் இராகம், தாளம் குறித்திருப்பார்கள். அருகே ‘இன்ன பாட்டின் வர்ணமெட்டு’ என்றொரு குறிப்பு இருக்கும். இசைக்குறியீடு அறியாத மக்களுக்குப் பாடும் வழியைக் காட்டவே அது அச்சிடப்பட்டது என்பது உண்மைதான். ஆயினும் அந்த ஒற்றை வரி, மெட்டு எங்கிருந்து வந்தது என்பதை வாங்கியவர் அனைவருக்கும் அறிவித்துவிட்டது. நம் புலவர்களும் சிந்து, கும்மி, தெம்மாங்கு என்று மக்களிடம் வழங்கிய வடிவங்களிலெல்லாம் தீன் செய்திகளைப் பாடினர். காளை அசனலிப் புலவரின் ‘பூவடிச் சிந்து’ என்ற பெயரைக் கேட்ட அளவிலேயே காவடிச் சிந்தின் நினைவு வருகிறதல்லவா?

கொற்கைக்கு வடக்கே எட்டயபுரத்திலும் இதே கதைதான். 1835இல் அவ்வூரில் மறைந்த முத்துசுவாமி தீட்சிதர், ஆங்கிலேயரின் பேண்டு வாத்தியக் குழுக்கள் இசைத்த மேற்கத்திய மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் செய்தார். ஆங்கில அரசரை வாழ்த்தும் நாட்டுப்பாடலின் மெட்டும் அவற்றுள் ஒன்று. அவற்றுக்கு ‘நோட்டுஸ்வரம்’ என்றே பெயர் வழங்குவதால், இரவல் என்பது பெயரிலேயே வெளிப்பட்டு நிற்கிறது.

பேசும்படம் வந்தபோது இந்த வழக்கமும் படத்திற்குள் நுழைந்தது. 1931 அக்டோபரில் வெளிவந்த ‘காளிதாஸ்’ படத்தில் தியாகராசரின் கீர்த்தனைகளும், கதைக்குச் சிறிதும் தொடர்பற்ற மதுரகவி பாஸ்கரதாஸின் தேசியப் பாடல்களும் டி. பி. ராஜலட்சுமியின் குரலில் ஒலித்தன. காளிதாசன் கதையில் கைராட்டினத்திற்கு என்ன வேலை என்று எவரும் கேட்கவில்லை. மேடையில் மக்கள் நெஞ்சைக் கவர்ந்த பாட்டு படத்திற்கும் கூட்டம் சேர்க்கும் என்பது அன்றைய கணக்கு. இன்றைய தயாரிப்பாளரின் கணக்கும் அதுவேயன்றி வேறில்லை. பின்னர் இந்தி மெட்டுகள் வந்தன. நாட்டுப்புற மெட்டுகள் வந்தன. பாட்டுப் புத்தகத்தில் இருந்த ‘வர்ணமெட்டு’ வரி மட்டும் வரவில்லை. இசைத்தட்டின் உறையில் அதற்கு இடமிருந்தும் ஒருவரும் அச்சிடவில்லை.

இன்றைய வழக்குகளில் பேசப்படுவது பெரும்பாலும் பணம். 2025 ஏப்ரலில் வந்த ‘குட் பேட் அக்லி’ படத்தில் தம் பாடல்கள் மூன்று அனுமதியின்றிப் பயன்படுத்தப்பட்டதாக இளையராஜா அவர்கள் வழக்குத் தொடுத்தார். ஒலிப்பதிவு நிறுவனங்களிடம் உரிய அனுமதி பெற்றோம் என்றனர் தயாரிப்பாளர்கள். அவ்வாண்டு செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. வழக்கின் நியாயத்தை நாம் தீர்ப்பது முறையன்று. அதன் வேரை மட்டும் காட்டுவோம்.

முத்துக் குளிப்பை அறிந்த நம் வாசகர்களுக்கு அந்த வேர் எளிதில் விளங்கும். ஆங்கிலேயர் காலத்தில் தூத்துக்குடிக் கடலில் அரசு நடத்திய சலாபத்தில், குளித்தெடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கும், ஒரு பங்கு குளித்தவர்களுக்கும் சேர்ந்தது. பார் அரசுக்குச் சொந்தம். மூச்சடக்கி மூழ்கியவனுக்கு மூன்றிலொன்று. 1961க்குப் பின் இக்கரையில் பெருஞ்சலாபம் நடக்கவில்லை. ஆனால் அக்கணக்கு வேறிடத்தில் தொடர்ந்தது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்திற்கு விளக்கம் கூறிய உச்ச நீதிமன்றம், படத்திற்கென்று பணம் தந்து செய்வித்த பாட்டின் முதல் உரிமையாளர் தயாரிப்பாளரே என்று 1977இல் தீர்ப்பளித்தது. மூழ்கியவனுக்கு மூன்றிலொன்றுகூட உறுதியில்லை என்ற நிலை! 2012இல் சட்டம் திருத்தப்பட்ட பின்னரே, பாட்டெழுதியவரும் இசையமைத்தவரும் உரிமைத் தொகையில் சரிபாதி பெறும் உரிமை உறுதியாயிற்று.

ஷரீஅத்தின் நோக்கு என்ன என்று சிலர் வினவலாம். 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நூலாக்கம், கண்டுபிடிப்பு போன்றவற்றின் உரிமை மார்க்கத்தில் பாதுகாக்கப்பட்டது என்றும், அதில் அத்துமீறல் கூடாது என்றும் தீர்மானித்துள்ளது. பாட்டின் ஹலால், ஹராம் பற்றிய பழைய விவாதம் வேறு. உழைத்தவனின் உரிமை வேறு. முன்னதைக் காட்டிப் பின்னதைத் தட்டிக்கழிக்க இயலாது.

பணத்தின் கணக்கு இவ்வாறிருக்க, பெயரின் கணக்கு ஒன்றும் உண்டு. அதே சட்டத்தின் 57ஆவது பிரிவு, உரிமை முழுவதையும் விற்றுவிட்ட பின்னரும் ‘இது என் படைப்பு’ என்று கூறும் உரிமை ஆசிரியரிடமே நிற்கும் என்கிறது. இப்பிரிவைப் பற்றி எவரும் அதிகம் பேசக் காணோம். படத்தின் முடிவில் கண்ணிமைக்கும் நேரம் ஓடும் நன்றி அட்டையை யார் படிக்கிறார்கள்? முன்னோட்டத்திலோ அதுவும் இல்லை. இசையமைப்பாளரின் பெயராவது வழக்கின் வாயிலாகச் செய்தித்தாளில் வந்துவிடுகிறது. அப்பாட்டை எழுதிய கவிஞரின் பெயர் அங்கும் வருவதில்லை. எழுத்தை நம்பி வாழ்வோர்க்கு இது வருத்தம் தருவதாகும்.

திரையுலகை மட்டும் குறை கூறி நம் சமூகம் ஒதுங்கிவிட முடியாது. நம் மீலாது மேடைகளிலும் ஒலிநாடாக்களிலும் திரைப்பட மெட்டில் அமைந்த பாடல்கள் எத்தனையோ ஒலித்துள்ளன, இன்றும் ஒலிக்கின்றன. பாடகர் பெயர் இருக்கும். சிலவற்றில் எழுதியவர் பெயரும் இருக்கும். மெட்டின் பிறப்பிடத்தை எவரும் சொல்வதில்லை. நல்ல செய்தியைச் சொல்வதால் இரவலை மறைக்கலாம் என்ற சலுகை அப்பா அவர்களுக்குத் தேவைப்படவில்லை. நமக்கு மட்டும் ஏன்?

நாம் பணியாற்றும் பள்ளியில் மீலாதுப் பாட்டுப் போட்டிக்கு இரண்டாண்டுகளாக ஒரு விதி வைத்துள்ளோம். பாட்டை எழுதியவர், பாட்டு வந்த இடம், மெட்டமைத்தவர் என்று மூன்று வரிகள் எழுதித் தந்த பின்னரே மாணவன் மேடையேறலாம். சென்ற முறை எட்டாம் வகுப்பு மாணவனொருவன் முதல் வரியைத் தன் வாப்பாவிடமும், இரண்டாவதைத் தன் உம்மும்மாவிடமும் கேட்டு எழுதிவந்தான். மெட்டு தமிழ்ப் படத்திற்கு இந்திப் படத்திலிருந்து வந்தது என்பது வரை விசாரித்துவிட்டான். அதற்கு முன் அது எங்கிருந்தது என்பதை அவனால் கண்டுபிடிக்க இயலவில்லை. மூன்றாம் வரியை வெறுமையாக விட்டு, பக்கத்தில் ‘தேடிக்கொண்டிருக்கிறேன்’ என்று எழுதித் தந்தான். அவனை மேடையேற அனுமதித்தோம்.