ஒரே ஒரு பக்கம்

கொழும்பிலிருந்து அட்டன் பஸ்ஸில் வந்தால், கித்துல்கல தாண்டி மலை ஏறினதும் கினிகத்தேனை. எங்க ஊர்ப்பக்கத் தோட்டங்களின் கதையைச் சொல்ல ஒரு இணையத்தளம் செய்யலாம்னு உட்கார்ந்தோம். முதல்ல செஞ்சது எல்லாரும் செய்யுற தப்புதான்: இலவச டெம்ப்ளேட், நகரும் படங்கள், ஏழு மெனு. லயத்துல இருக்கிற பெரியம்மா ஒருத்தரின் போனில் திறந்து பார்த்தோம். சுத்திக்கிட்டே இருந்தது. "போட்ட டேட்டா இதுக்கே தீந்துரும் போலயேப்பா"ன்னு போனை வாங்கிக்கிட்டாங்க.

அப்புறம்தான் பழைய கதைகளைப் படிச்சோம். சேர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கி, 1991 ஆகஸ்ட் 6 அன்று வெளியே அறிவித்த முதல் தளத்தில் படமே கிடையாது. சில வரிகள், நடுவே இணைப்புகள், அவ்வளவுதான். 1993 ஏப்ரல் 30 அன்று அந்தத் தொழில்நுட்பத்தை யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று சேர்ன் விட்டுக்கொடுத்தது. அந்த மாதிரிப் பக்கம் இன்னைக்கும் எந்த போனிலும் சட்டுனு திறக்கும்.

தமிழ் கொஞ்சம் கஷ்டப்பட்டுத்தான் வலைக்கு வந்தது. 1995 அக்டோபரில் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி போன்றோரின் முயற்சியில் தமிழ்க் கவிதைகள் இணையத்தில் ஏறின. ஆனா அதுக்குப் பிறகும் வருஷக்கணக்கா ஆளுக்கொரு எழுத்துரு. இலங்கையில் பெரும்பாலும் பாமினி. ஆங்கில எழுத்தின் இருக்கையில் தமிழ் உருவத்தை உட்காரவைத்த ஏற்பாடு அது. எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கிலக் குப்பையாத்தான் தெரியும். 1991லேயே யுனிகோடில் தமிழுக்கு இடம் கிடைச்சிருந்தும், அது புழக்கத்துக்கு வர ரொம்பக் காலம் ஆச்சு. அண்ணன் ஒருத்தர் எழுதி வெச்சிருந்த தோட்டக் கதைகள் எங்க கைக்கு வந்தபோது அப்படிக் குப்பையாத்தான் தெரிஞ்சது. யுனிகோடுக்கு மாத்தி, ஒவ்வொரு வரியா திருத்தினோம்.

ஒரு தாளில் விஷயத்தைச் சொல்வது மலையகத்துக்குப் புதுசில்லை. கோ. நடேசய்யர் புடவை வியாபாரி போலத் தோட்டங்களுக்குள் நுழைந்து நிலைமையைப் பார்த்தவர். 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென்று சம்மேளனம் அமைத்தார். அவருடைய மனைவி மீனாட்சியம்மை கூட்டங்களில் பாடிய பாட்டுகள் துண்டுப் பிரசுரமாகவும் தொழிலாளர் கைக்குப் போயின. தெரிந்த மெட்டு, சின்னத் தாள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பாட்டாகவே போய்ச் சேர்ந்திருக்கும். எங்களுக்கு எந்த டெம்ப்ளேட்டையும் விட இதுதான் நல்ல வடிவமைப்புப் பாடம்.

இப்போ எங்க தளம் ஒரே கோப்பு. தலைப்பகுதியில் மூன்று விஷயம்: மொழி தமிழ், எழுத்துக் குறியீடு யூடிஎஃப்-8, அகலம் போன் திரைக்கு ஏற்றபடி. உடம்பில் தோட்டங்களின் கதை, 1948 குடியுரிமைச் சட்டத்தில் நம்மாட்கள் நாடற்றவர்களான கதை, லயத்து ஆட்களின் பெயர்கள். மேலே மூன்று இணைப்புகள். அமத்தினா அதே பக்கத்தில் அந்த இடத்துக்குப் போகும். படம் ஒன்றே ஒன்று, அதையும் சுருக்கித்தான் போட்டோம்.

மறுபடியும் பெரியம்மாவிடம் கொண்டுபோனோம். உடனே திறந்தது. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, பெயர்ப் பட்டியலை மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்தாங்க. "எங்க அம்மா பேரக் காணோமே?"ன்னாங்க. அன்னைக்கு ராத்திரியே சேர்த்தோம்.