1 முதல் 3 வயதுக் குழந்தைகளில் எதுக்களிப்பு: உணவை எப்போது ஐயுற வேண்டும்?

எதுக்களிப்பு என்பது இரைப்பையில் உள்ள உணவும் அமிலமும் உணவுக்குழாய்க்குள் திரும்பி மேலேறுவதாகும். அது வாய் வரை வந்து வெளியேறலாம். பாதி வழியில் நின்று, குழந்தை அதை மீண்டும் விழுங்கிவிடவும் செய்யலாம். உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் உள்ள சுருக்குத்தசை, விழுங்காத நேரத்திலும் அவ்வப்போது தளர்வதே இதன் முதன்மைக் காரணம். கைக்குழந்தைகள் பால் கக்குவது 4 மாத வயதளவில் மிகுந்திருக்கும். பெரும்பாலான குழந்தைகளுக்கு 12 முதல் 18 மாதங்களுக்குள் அது தானாகவே நின்றுவிடும்.

ஆகவே 18 மாதங்களைக் கடந்த பின்னும் வாந்தி தொடர்ந்தாலோ, 6 மாதங்களுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கினாலோ, “சிறு வயதில் இருந்ததுதானே” என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் ஒருமுறை காட்ட வேண்டும். இருமலின் முடிவில் வரும் வாந்தி, கட்டாயப்படுத்தி ஊட்டியதால் வரும் குமட்டல், சிறுநீர்ப்பாதைத் தொற்று, மலச்சிக்கல் ஆகியவையும் எதுக்களிப்பைப் போலவே தோன்றும். மருத்துவம் ஒவ்வொன்றுக்கும் வேறு.

எடையே முதல் அளவுகோல்

குழந்தை கக்குகிறது, ஆனால் உற்சாகமாக விளையாடுகிறது, எடை சீராகக் கூடுகிறது என்றால் பெரும்பாலும் அச்சப்பட ஒன்றுமில்லை. எடை நின்றுவிட்டாலோ குறைந்தாலோ நிலைமை வேறு. அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ எடை பார்த்து, தாய் சேய் நல அட்டையில் உள்ள வளர்ச்சி வரைபடத்தில் குறிக்கச் செய்து, மருத்துவரிடம் வரும்போது அந்த அட்டையைக் கட்டாயம் எடுத்து வர வேண்டும். பல நேரங்களில் விலை மிகுந்த பரிசோதனைகளைவிட அந்த ஒரு கோடு மிகுதியாகச் சொல்லிவிடும்.

எடை குறைவதற்கு எதுக்களிப்பு மட்டுமே காரணமாக இருப்பதில்லை. வாந்திக்குப் பயந்து குடும்பத்தினர் ஒவ்வொரு உணவாக நிறுத்துவதும் ஒரு காரணம். சளி பிடிக்கும் என்று தயிரும் வாழைப்பழமும், மந்தம் என்று பருப்பும், சூடு என்று முட்டையும் நிறுத்தப்படுகின்றன. இறுதியில் 2 வயதுக் குழந்தைக்குக் கஞ்சியும் ரசம் சாதமும் பிஸ்கட்டும் மட்டுமே மிஞ்சுகின்றன. புறநோயாளர் பிரிவுக்கு எதுக்களிப்பு என்று அழைத்து வரப்படும் குழந்தைகளுள், நோயைக் காட்டிலும் இத்தகைய பத்தியத்தால் மெலிந்தவர்களையும் காண முடிகிறது.

எந்த உணவுகள் தூண்டக்கூடும்?

எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவான தவிர்ப்புப் பட்டியல் என்று ஒன்று இல்லை. எண்ணெயில் பொரித்த வடை, பஜ்ஜி, சிப்ஸ் போன்றவை இரைப்பையில் நெடுநேரம் தங்குவதால் சில குழந்தைகளுக்கு எதுக்களிப்பைக் கூட்டும். சாக்லேட், குளிர்பானங்கள், மிகுந்த புளிப்போ காரமோ உள்ள குழம்பு, தக்காளி, எலுமிச்சை வகைப் பழங்கள் ஆகியவையும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஒத்துக்கொள்ளும் குழந்தைக்குப் பழங்களை நிறுத்தத் தேவையில்லை.

தேநீர், காபி பற்றித் தனியே சொல்ல வேண்டியுள்ளது. பன்னையோ வறுக்கியையோ தேநீரில் நனைத்துக் காலை உணவாகக் கொடுக்கும் வழக்கம் பல வீடுகளில் உள்ளது. தேநீர் எதுக்களிப்பைத் தூண்டக்கூடும் என்பதோடு, உணவில் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதையும் தடுக்கிறது. இந்த வயதில் அது அறவே வேண்டாம்.

என்ன உணவு என்பதைவிட எவ்வளவு, எப்படி என்பதே பெரும்பாலும் முக்கியம். ஒரே வேளையில் வயிறு முட்ட ஊட்டுவதைத் தவிர்த்து, சிறு அளவாகப் பிரித்து, உட்கார வைத்துக் கொடுக்க வேண்டும். வாயை மூடிக்கொள்ளும் குழந்தையைத் துரத்திப் பிடித்து ஊட்டக் கூடாது. ஒரு வயதுக்கு மேல் விலங்குப் பால் நாளொன்றுக்கு 400 முதல் 500 மில்லி போதுமானது. அதையும் புட்டியில் அன்றி டம்ளரில் கொடுக்க வேண்டும். படுத்தபடி புட்டிப்பால் குடித்துக்கொண்டே உறங்கும் பழக்கத்தை மாற்றினாலே இரவு வாந்தி குறைந்துவிடும் குழந்தைகள் உண்டு. உணவுக்கும் உறக்கத்திற்கும் இடையே இயன்றால் 2 மணி நேரம் இருக்கட்டும். தூளியில் உடல் வளைந்து வயிறு மடங்குவதால், உண்டவுடன் அதில் இடுவதையும் தவிர்க்கலாம். வீட்டிற்குள் எவரும் புகைபிடிக்கக் கூடாது. அந்தப் புகையும் எதுக்களிப்பை மிகுவிக்கும். தாய்ப்பாலை இதற்காக நிறுத்தக் கூடாது.

பசும்பால் ஒவ்வாமை என்ற ஐயம்

பால் புரத ஒவ்வாமை சில குழந்தைகளுக்கு எதுக்களிப்பைப் போன்ற வாந்தியை உண்டாக்கும். கரப்பான் போன்ற தோல் அரிப்பு, மலத்தில் இரத்தம் அல்லது சளி, குடும்பத்தில் ஆஸ்துமா போன்றவை உடன் இருந்தால் ஐயம் வலுப்பெறும். இது பால் சர்க்கரை செரியாமையிலிருந்து வேறானது. பால் சர்க்கரை செரியாவிட்டால் வயிற்றுப்போக்கும் வயிற்று உப்புசமுமே முதன்மையாக இருக்கும்.

ஐயம் இருப்பின், மருத்துவரின் ஆலோசனையுடன் பால் புரதத்தை 2 முதல் 4 வாரங்களுக்கு முழுமையாக நீக்கிப் பார்க்கலாம். தயிர், மோர், பனீர், பால் சேர்த்த பிஸ்கட், பால் பவுடர் கலந்த சத்து பானங்கள் அனைத்தும் இதில் அடங்கும். எருமைப்பாலும் ஆட்டுப்பாலும் மாற்றாகா. அவற்றின் புரதங்கள் பசும்பாலின் புரதங்களை ஒத்தவை. இக்காலத்தில் கேழ்வரகு, எள், கீரை, பருப்பு, முட்டை ஆகியவற்றின் வழியே சுண்ணாம்புச்சத்தும் புரதமும் கிடைக்கச் செய்ய வேண்டும்.

குறிப்பிட்ட காலம் முடிந்ததும் பாலை மீண்டும் கொடுத்துப் பார்ப்பது இன்றியமையாதது. நீக்கும்போது குறைந்து, கொடுக்கும்போது திரும்பினால்தான் பால் காரணம் எனக் கொள்ள முடியும். வேறுபாடு ஏதும் இல்லையெனில் பாலை வழக்கம்போல் தொடரலாம். பிற உணவுகளை ஐயுற்றாலும் முறை இதுவே: ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். இரண்டு வாரங்களுக்கு உண்ட உணவையும் வாந்தி வந்த நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதி வந்தால், முதலில் எதை ஐயுறுவது என்பது தெளிவாகும். பால் ஒவ்வாமை உள்ள குழந்தைகளிலும் பெரும்பாலோர் பள்ளி செல்லும் வயதிற்குள் அதிலிருந்து மீள்வர்.

ஓர் எச்சரிக்கை: ஓர் உணவை உண்டவுடன் உடலெங்கும் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல் ஏற்பட்டிருந்தால், அந்த உணவை வீட்டில் மீண்டும் கொடுத்துச் சோதிக்கவே கூடாது.

மருந்துகள்

வாந்தியை நிறுத்தக் கடைகளில் வாங்கப்படும் டோம்பெரிடோன் சொட்டு மருந்து இதயத் துடிப்பின் ஒழுங்கைப் பாதிக்கக்கூடியது. மருத்துவர் எழுதித் தராமல் கொடுக்கக் கூடாது. ஒமிப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மருந்துகள் தேவைப்படும் குழந்தைகளுக்கு 4 முதல் 8 வாரங்கள் தரப்படும். உணவுக்கு அரை மணி நேரம் முன்பு கொடுப்பது நல்லது. அவை அமிலத்தைக் குறைக்கும், உணவு மேலேறுவதைத் தடுக்காது. எனவே வெறும் கக்கலுக்கு அவற்றால் பயனில்லை. நெடுங்காலம் கொடுத்தால் குடல் தொற்றும் நிமோனியாவும் வரும் வாய்ப்பு கூடுகிறது. மருந்து கொடுத்தும் வாந்தி தொடர்ந்து, கெட்டியான உணவை விழுங்கவும் குழந்தை சிரமப்பட்டால், உணவுக்குழாயில் ஒவ்வாமை அழற்சி இருக்கலாம். அதை உள்நோக்கிப் பரிசோதனை வழியே உறுதி செய்வர்.

தொக்கம் எடுப்பதற்கும் குடலேற்றம் தட்டுவதற்கும் குழந்தையைக் கொண்டு செல்ல வேண்டாம். தொண்டைக்குள் விரல் விடுவதாலும் ஊதுவதாலும் காயமும் புரையேற்றமும், தலைகீழாகப் பிடித்து உலுக்குவதால் மூளையில் இரத்தக்கசிவும் நேரலாம். பெரியவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். அவர்களிடம் இக்காரணங்களைப் பொறுமையாக விளக்க வேண்டும்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகள்

பச்சை நிற வாந்தி, இரத்தமோ காபித்தூள் போன்ற கலவையோ கலந்த வாந்தி, வயிறு வீங்கி விறைத்தல், 6 முதல் 8 மணி நேரம் சிறுநீர் கழியாமை, அசாதாரண உறக்கம் அல்லது சோர்வு ஆகியவற்றுக்கு விடியும்வரை காத்திருக்கக் கூடாது. காலையில் எழுந்தவுடன் தலைவலியோடு வரும் வாந்தி, நடையில் தள்ளாட்டம், படிப்படியான எடைக்குறைவு ஆகியவற்றையும் தாமதமின்றிக் காட்ட வேண்டும்.

நன்றாக இருந்த குழந்தை திடீரென எச்சில் வடித்து, விழுங்க முடியாமல் வாந்தி எடுத்தால், ஏதேனும் பொருளை விழுங்கியிருக்கலாம் என்று எண்ண வேண்டும். பொம்மைகளிலும் ரிமோட்டுகளிலும் உள்ள பொத்தான் வடிவ பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்திற்குள்ளேயே புண்ணாக்கிவிடும். வாந்தி எடுக்க வைக்க முயலாமல், 108 அவசர ஊர்தியை அழைத்து, எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அவசரமில்லாத ஐயங்களுக்குத் தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணில் மருத்துவ ஆலோசனை பெறலாம்.